சம்பந்தி வீட்டு மூதாதையும் என் பழைய பத்திரக் கண்ணும்

எங்கள் மாப்பிள்ளை ஓஹையோக்காரர். கல்யாணத்துக்குப் பினாங்கு வந்திருந்தபோது அவருடைய அம்மா, அதாவது என் சம்பந்தியம்மா, ஆயர் ஈத்தாம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஒரு கதை சொன்னார். அவர்கள் குடும்பத்து மூத்தவர் போர்வீரராம். சண்டைக்குப் போனதற்குக் கூலியாக அரசாங்கமே ஓஹையோவில் நிலம் கொடுத்ததாம். நானும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். மனதுக்குள் மட்டும் ஒரு கேள்வி: பத்திரம் எங்கே?

லைட் தெருப் பக்கம் ஒரு லோயர் ஆபீசில் 35 வருடம் நிலக் கிராணியாக இருந்தவளுக்கு வேறென்ன தோன்றும்? பேரன் பள்ளிக்கூடத்துக் குடும்ப மரத்தைத் தூக்கிக்கொண்டு வந்ததும், அப்பா பக்கத்துக் கிளையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். அந்த வேலையில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். மருமகளோ மாப்பிள்ளையோ அமெரிக்கக் குடும்பமாக இருக்கிற வீடுகள் இப்போது நம்மிடையேயும் இருக்கின்றன. யாருக்காவது உதவும்.

கோலாலம்பூர் கிராணிகளைவிடப் பினாங்குக்காரருக்கு இந்த வேலை சுலபமாக வரும் என்று நான் சொன்னால் கோபிக்காதீர்கள். அங்கே கெரானில், அதாவது நில உரிமைப் பத்திரத்தில், யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சொந்தக்காரர், அத்தோடு முடிந்தது. பினாங்கிலும் மலாக்காவிலும் தேசிய நிலச் சட்டம் 1966-இல் நடைமுறைக்கு வரும்வரை பத்திர முறைதான். விற்றவர், வாங்கியவர், அவருக்கு முன் விற்றவர் என்று ஒவ்வொன்றாகப் பின்னால் போய்ச் சங்கிலி அறுபடாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான் 1978-இல் வேலைக்குச் சேர்ந்தபோதும் அந்தப் பழைய கட்டுகள் சிவப்பு நாடாவோடு அலமாரியில் கிடந்தன. அமெரிக்காவில் பெரும்பாலும் இன்றைக்கும் அதே முறைதான்.

சரி, வேலைக்கு வருவோம். ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் 'வந்தது', வலப்பக்கம் 'போனது'. ஒருவர் பெயருக்கு வந்த ஒவ்வொரு ஏக்கரும் ஏதோ ஒரு நாள் அவர் கையை விட்டுப் போயிருக்க வேண்டும். விற்ற பத்திரம் இருந்தால் அங்கே பிடித்துவிடலாம். இல்லையென்றால் இரண்டு சந்தேகம். கடனுக்காக ஷெரிப் என்ற அரசு அதிகாரி ஏலம் விட்டிருப்பார். அந்தப் பத்திரம் பல இடங்களில் ஷெரிப்பின் பெயரில்தான் அட்டவணையில் இருக்கும், உங்கள் ஆள் பெயரில் தேடினால் கிடைக்காது. அல்லது ஆள் இறந்திருப்பார், அப்போது கோர்ட்டில் ஒரு கோப்பு இருக்கும். அந்தக் கோப்புகளை அங்கே எஸ்டேட் பைல் என்கிறார்கள். நமக்கு எஸ்டேட் என்றால் ரப்பர் மரமும் கங்காணியும்தான். அங்கே அது இறந்தவர் விட்டுப்போன சொத்து. முதல் வாரம் முழுக்க என் மகள் இதைச் சொல்லியே என்னைக் கிண்டல் செய்தாள்.

பெயரை மட்டும் நம்பி இறங்காதீர்கள். 1790-இல் தொடங்கிய அவர்கள் மக்கள்தொகைக் கணக்கில் 1840 வரை வீட்டுத் தலைவர் பெயர் மட்டும்தான் இருக்கும், மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. 1850-இல்தான் வீட்டிலுள்ள எல்லார் பெயரும், பிறந்த மாநிலமும், நிலத்தின் மதிப்பும் வருகின்றன. அதனால் 1850-இல் உறுதியாகத் தெரிந்த ஒருவரைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடக்க வேண்டும். எங்கள் ஆளின், அதாவது சம்பந்தியம்மா சொன்ன அந்தப் போர்வீரரின், மூத்த மகன் 1850 கணக்கில் 'பிறந்தது பென்சில்வேனியா' என்று இருந்தார். அந்த ஒரு சொல்தான் குடும்பம் எங்கிருந்து வந்தது என்று காட்டியது.

பென்சில்வேனியாவில் அடுத்த தலைவலி, கவுண்டி எல்லை. கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி. 1729-இல் செஸ்டர் கவுண்டியிலிருந்து லேங்காஸ்டர் பிரிந்தது. 1785-இல் லேங்காஸ்டரிலிருந்து டாபின். 1813-இல் அந்த இரண்டிலிருந்தும் வெட்டி எடுத்து லெபனான். பண்ணை ஓரடிகூட நகரவில்லை, கோப்பு மட்டும் வருடத்தைப் பொறுத்து வேறு வேறு கவுண்டியில் கிடக்கிறது. லூமுட் பக்கத்து டிண்டிங்ஸ் 1935 வரை பினாங்கோடு இருந்து, பிறகு பேராக்குக்குத் திரும்பிய கதைதான். அந்த வருடத்தில் அந்த இடம் எந்தக் கவுண்டி என்று முதலில் பாருங்கள். சிகாகோ நியூபெரி நூலகத்தின் பழைய கவுண்டி எல்லை வரைபடத் தொகுப்பில் தேதி வாரியாகக் காட்டுகிறார்கள், இலவசம். எங்கள் ஆளின் தகப்பனார் 1798-இல் இறந்தார். இன்றைய லெபனானில் தேடிப் பிரயோசனமில்லை, டாபினில் இருந்தது.

இனி சாவுக் கோப்பு. என்னைக் கேட்டால் உயில் எழுதாமல் செத்தவர்தான் நமக்கு நல்லவர். உயிலில் 'என் அன்பு மனைவிக்கு', 'மற்றப் பிள்ளைகளுக்குச் சமமாக' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள், ஒரு பெயரும் இருக்காது. ஒரு பிள்ளைக்கு ஒரு ஷில்லிங் என்று எழுதியிருந்தால் கோபத்தில் ஒதுக்கிவிட்டார் என்று முடிவு கட்டாதீர்கள். கல்யாணத்தின்போதே பங்கைக் கொடுத்திருக்கலாம். உயில் இல்லையென்றால் கோர்ட் ஒரு நிர்வாகியை நியமிக்கும். அவர் ஜாமீன் பத்திரம் எழுதிக் கொடுப்பார், அதற்கு இரண்டு பேர் ஜாமீன் நிற்பார்கள். அந்த ஜாமீன்தாரர்களைக் குறித்து வையுங்கள். முன்பின் தெரியாதவன் யாருக்கும் ஜாமீன் போடமாட்டான். மைத்துனன், மாமன், மருமகன் என்று ஏதாவது ஒரு உறவு இருக்கும்.

சின்னப் பிள்ளைகள் இருந்தால் காப்பாளர் நியமனம் வரும். பென்சில்வேனியாவில் இதைப் பார்த்த கோர்ட்டுக்குப் பெயரே அநாதைகள் நீதிமன்றம். பயப்படாதீர்கள், தாய் உயிரோடு இருந்தாலும் தகப்பன் இல்லாத பிள்ளை அவர்கள் கணக்கில் அநாதை. 14 வயதானவர் தன் காப்பாளரைத் தானே தேர்ந்தெடுக்கலாம். பிறப்புப் பதிவே இல்லாத காலத்தில் வயதைப் பிடிக்க இதைவிட நல்ல துப்பு கிடையாது. எங்கள் ஆள் 1799-இல் காப்பாளரைத் தானே தேர்ந்தெடுத்திருக்கிறார், அவருடைய தம்பிக்குக் கோர்ட் தேர்ந்தெடுத்தது. ஆக, ஒருவர் 14-க்கு மேல், மற்றவர் கீழ்.

கோப்பில் எனக்கு ரொம்பப் பிடித்தது சொத்துப் பட்டியல். அக்கம்பக்கத்துக்காரர் இரண்டு மூன்று பேர் வீட்டுக்குள் போய் அடுப்படி முதல் களஞ்சியம்வரை ஒவ்வொன்றுக்கும் விலை போட்டிருப்பார்கள். தகப்பனாரின் பட்டியலில் ஒரு தறி, இரண்டு ராட்டினம், ஜெர்மன் பைபிள், சாராயம் காய்ச்சும் செம்புக் கொதிகலன், 'நிலத்தில் நிற்கும் கோதுமை' என்று வரிசையாக வந்தது. கோதுமை இன்னும் அறுக்கப்படவில்லை என்பதிலிருந்து எந்தப் பருவத்தில் இறந்தார் என்று ஊகிக்கலாம். ஜெர்மன் பைபிளைப் பார்த்ததும், எந்தத் தேவாலயப் பதிவேட்டைத் தேட வேண்டும் என்று தெரிந்துவிட்டது. விலையெல்லாம் பவுண்டில் இருக்கிறதே என்று இங்கிலாந்துப் பவுண்டாகக் கணக்குப் போட்டுவிடாதீர்கள். பென்சில்வேனியாவின் பவுண்டு வேறு. அங்கே ஏழரை ஷில்லிங் ஒரு ஸ்பானிய டாலர். அந்தக் காலத்தில் பினாங்குக் கடைத்தெருவிலும் அதே ஸ்பானிய வெள்ளிதான் புழங்கியது.

பட்டியலில் நிலம் இல்லையே என்று மனம் தளராதீர்கள். பெரும்பாலும் அசையும் சொத்தைத்தான் அதில் எழுதுவார்கள். பட்டியலுக்கு அடுத்து ஏலக் கணக்கு வரும். யார் எதை வாங்கினார் என்று பாருங்கள். விதவை தன் கட்டிலையும் சமையல் பானையையும் தானே ஏலத்தில் எடுத்திருப்பார். பார்க்க வருத்தமாக இருக்கும்.

அதைவிடக் கனமான ஒரு பக்கமும் உண்டு. எங்கள் ஆளின் மனைவி வர்ஜீனியாக்காரி. அந்தப் பெண்ணின் தகப்பனார் பட்டியலில், பசுக்களுக்கும் கலப்பைக்கும் நடுவே, ஒரு பெண்ணின் பெயரும் அவளுடைய குழந்தையின் பெயரும் விலையோடு இருந்தன. சம்பந்தியம்மாவுக்கு இதை எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகு படத்தை அப்படியே அனுப்பிவிட்டேன். அவர் வெகுநேரம் கழித்து, 'பேரனிடமும் சொல்லுங்கள்' என்று மட்டும் பதில் எழுதினார். உங்களுக்கும் இப்படி ஒரு பக்கம் வந்தால், அந்தப் பெயர்களையும் வயதையும் தனியாகப் படியெடுத்து ஆவணத்தின் விவரத்தோடு வையுங்கள். 1850, 1860 அடிமைக் கணக்குகளில் பெரும்பாலும் வயதும் ஆணா பெண்ணா என்பதும்தான் இருக்கும், பெயர் இருக்காது. அவர்கள் வம்சத்தார் தேடும்போது இந்தச் சொத்துப் பட்டியல்தான் அவர்களுக்குக் கிடைக்கும் ஒரே தடமாக இருக்கலாம்.

பத்திரங்களுக்கு இரண்டு அட்டவணை. விற்றவர் வரிசை கிராண்டர் இண்டெக்ஸ், வாங்கியவர் வரிசை கிராண்டீ இண்டெக்ஸ். இரண்டையும் பாருங்கள், ஆள் இறந்து முப்பது வருடம்வரை பாருங்கள். பத்திரத்தைப் பெட்டியில் போட்டு வைத்துவிட்டுப் பேரன் காலத்தில் பதிந்தவர்கள் நிறையப் பேர். வாங்கும்போது மனைவி பெயர் வராது, விற்கும்போது வரும். நிலத்தில் விதவைக்கு மூன்றில் ஒரு பங்கு உரிமை இருந்ததால், 'என் சம்மதத்தோடுதான் விற்கிறார்' என்று மனைவியும் கையெழுத்தோ கைநாட்டோ போட வேண்டியிருந்தது.

இந்த மனைவி கையெழுத்துதான் என்னைக் காப்பாற்றியது. ஒரே கவுண்டியில் ஒரே பெயரில் இரண்டு பேர், ஒருவர் சீனியர், ஒருவர் ஜூனியர். அப்பாவும் மகனும் என்று நினைத்து நான்கு மாதம் தவறான ஆள் பின்னாலேயே போனேன். 1838-இல் இறந்த எங்கள் ஆளின் பெயர் 1840 வரிப் பட்டியலில் எப்படி வரும் என்று அப்போதே உறைத்திருக்க வேண்டும். ஊரில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் மூத்தவரைச் சீனியர் என்பார்கள், அவ்வளவுதான். இவர்கள் பெரியப்பாவும் தம்பி மகனும். விற்ற பத்திரங்களில் மனைவி பெயர் வெவ்வேறாக வந்தபோதுதான் தலையில் அடித்துக்கொண்டேன்.

எல்லாவற்றிலும் பெரிய புதையல் வாரிசுகள் சேர்ந்து விற்கும் பத்திரம். பிள்ளைகள், மருமகன்கள், யார் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று எல்லாம் ஒரே பக்கத்தில் வந்துவிடும். டாபின் பத்திரப் புத்தகத்தில் 'இப்போது ஓஹையோ மாநிலத்தில் வசிக்கும்' என்ற சொற்களோடு எங்கள் ஆள் தன் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்திருந்தார். இரண்டு மாநிலத்தையும் இணைத்த பாலம் அதுதான். பங்குப் பணத்தை வாங்கிவர யாருக்காவது கொடுத்த பவர் ஆப் அட்டர்னியும் இதே புத்தகங்களில் கிடக்கும்.

நிலம் முதன்முதலில் யாரிடமிருந்து வந்தது என்பதற்கு, மாநிலத்தைப் பார்க்க வேண்டும். பென்சில்வேனியா போன்ற பழைய குடியேற்றங்களில் நிலம் மாநிலத்தின் கையில் இருந்தது. வாரண்ட் (அளக்கச் சொல்லும் உத்தரவு), சர்வே (அளவை), பேட்டண்ட் (அரசு தரும் முதல் உரிமைப் பத்திரம்) என்று படிப்படியாக வரும். எல்லையை 'வெள்ளை ஓக் மரத்திலிருந்து 60 பெர்ச்' என்று எழுதுவார்கள். ஒரு பெர்ச் பதினாறரை அடி. கட்டத் தாளில் வரைந்து பாருங்கள், பக்கத்து நிலக்காரர் பெயர்களும் சேர்ந்தே கிடைக்கும். ஓஹையோவின் பெரும்பகுதி கூட்டரசு அளந்து விற்ற நிலம். அந்த அளவை முறைக்கான சட்டம் 1785-இல் வந்தது, பிரான்சிஸ் லைட் இங்கே இறங்குவதற்கு முந்தைய வருடம். ஆறு மைல் சதுரத்துக்கு ஒரு டவுன்ஷிப், அதில் 36 செக்ஷன், ஒரு செக்ஷன் 640 ஏக்கர்.

இந்தக் கூட்டரசுப் பேட்டண்டுகளை அமெரிக்க நில நிர்வாகத் துறையின் ஜிஎல்ஓ (பழைய பொது நில அலுவலக ஆவணங்கள்) தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பேட்டண்ட் வாசகமே நிலம் எப்படி வந்தது என்று சொல்லிவிடும். எங்கள் ஆளுடையதில் போரைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை, 'முழுத் தொகையும் செலுத்தியதால்' என்று இருந்தது. ஏக்கர் 2 டாலர், 160 ஏக்கருக்கு 320 டாலர். 1811-இல் கால்பங்கு கட்டி, மீதியைத் தவணையில் அடைத்து, 1816-இல் பேட்டண்ட் வாங்கியிருக்கிறார். போர் மானிய நிலமாக இருந்திருந்தால் போர்ச் சேவைக்குக் கொடுத்த வாரண்ட் பற்றிய குறிப்பு இருந்திருக்கும். ஹோம்ஸ்டெட் நிலம், அதாவது குடியேறிப் பயிர் செய்பவருக்கு அரசு கொடுத்த நிலம், என்று யாராவது சொன்னால் வருடத்தைக் கேளுங்கள். அந்தச் சட்டம் 1862-இல்தான் வந்தது.

தேடும் இடம் என்று பார்த்தால், மார்மன் சபை நடத்தும் ஃபேமிலிசெர்ச் தளம்தான் முதலில். இலவசக் கணக்கு போதும். 2024-இலிருந்து கையெழுத்து ஆவணங்களின் முழு வாசகத்திலும் தேடும் வசதி வந்திருக்கிறது. அது பெயரைத் தப்பாகப் படிக்கும், பழைய நீள 'எஸ்' எழுத்தை 'எஃப்' என்று எடுத்துக்கொள்ளும். அதனால் அண்டை வீட்டுக்காரர் பெயரையும் ஓடையின் பெயரையும் போட்டுத் தேடுங்கள். ஜெர்மன் பெயர்களும் படாதபாடு படும். சிம்மர்மேன் என்பவர் அப்படியே மொழிபெயர்க்கப்பட்டுக் கார்பெண்டர் ஆகிவிடுவார். முத்துசாமியை நம் பிறப்புப் பத்திரங்களில் ஏழு விதமாக எழுதினார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். தளத்தில் இல்லாததைக் கவுண்டி அலுவலகத்தில் கேட்கலாம். பத்திரத்துக்கு ரெக்கார்டர், ஓஹையோவில் உயிலுக்குப் புரோபேட் கோர்ட், 1852-க்கு முன்னால் காமன் பிளீஸ் கோர்ட். கனெக்டிகட், வெர்மாண்ட், ரோட் தீவு மூன்றிலும் பத்திரம் டவுன் கிளார்க்கிடம் இருக்கும்.

எங்கள் தாளில் இப்போது இப்படி இருக்கிறது. வந்தது: 1811-இல் 160 ஏக்கர், 1819-இல் பக்கத்துக்காரரிடம் 82. மொத்தம் 242. போனது: 1827-இல் மூத்த மகனுக்கு 80, எங்கள் ஆள் 1838-இல் இறந்தபின் 1841-இல் வாரிசுகள் விற்றது 151. மொத்தம் 231. சம்பந்தியம்மா போர்வீரர் கதையை விட்டுவிட்டு இப்போது அந்த 11 ஏக்கர் எங்கே போனது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். ரோட்டுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ தேவாலயத்துக்கோ கொடுத்திருப்பாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம், கிராண்டீ அட்டவணையில் சபையின் பெயரில் இன்னும் தேடவில்லை. அங்கே காலை 9 மணி என்றால் இங்கே இரவு 9. சாப்பாட்டை முடித்துவிட்டு ரெக்கார்டர் ஆபீசைக் கூப்பிட வேண்டும்.