கல்யாண முருங்கையைக் கண்காணிக்கலாம், வாங்க

அடைக்கு இலை பறிக்கப் போனவன் முழித்தேன். கொழுந்தெல்லாம் வீங்கி, காம்பு முடிச்சு முடிச்சாக உருண்டிருந்தது. கல்யாண முருங்கையை (முள்முருங்கை என்றாலும் இதுதான்) இப்படி ஆக்குவது ஒன்றரை மில்லிமீட்டர் நீளக் குளவி ஒன்று. பூர்வீகம் ஆப்பிரிக்கா. 2004-இல்தான் அதற்கு அறிவியல் பெயரே வைத்தார்கள். 2005-இல் ஹவாயில் நுழைந்து, அங்கே மட்டுமே இயற்கையாக வளரும், கல்யாண முருங்கைக்குச் சொந்தமான விலிவிலி மரங்களைப் பட்டுப்போக வைத்தது. 2006-இல் கேரளத்தில் இருப்பது பதிவானது.

உங்கள் தெரு மரங்களைக் கவனிக்க நோட்டு, பிளேடு, கலர் நூல், போன் கேமரா போதும்.

முதலில் ஐந்தாறு மரங்களுக்கு எண் கொடுங்கள். ஒவ்வொன்றிலும் திசைக்கு ஒன்றாக நான்கு கிளை நுனிகளைத் தேர்ந்து, நுனிக்குச் சற்றுக் கீழே நூலைத் தளர்வாகக் கட்டுங்கள். முள் குத்தும், பார்த்து. அடுத்த முறையும் இதே நுனிகளைத்தான் பார்க்க வேண்டும். கண்ணில் பட்ட மோசமான கிளையை எல்லாம் சேர்த்தால் கணக்கு கெட்டுவிடும்.

அடுத்து மதிப்பெண். முடிச்சே இல்லையென்றால் 0. இலையில் அங்கங்கே இருந்தால் 1. இலை சுருண்டு காம்பும் வீங்கியிருந்தால் 2. கொழுந்தே காய்ந்துவிட்டால் 3. தேதியோடு எழுதி, ஒரே கோணத்தில் படமும் எடுத்து வையுங்கள்.

குளவிதானா என்று சந்தேகமா? முடிச்சைக் குறுக்கே வெட்டுங்கள். உள்ளே சின்னச் சின்ன அறைகள், அவற்றில் வெள்ளைப் புழு (குளவியின் இளம்பருவம்) இருந்தால் அதுதான். மேலே ஊசி குத்தியதுபோல் வட்டத் துளைகள் இருந்தால், குளவி ஏற்கெனவே பறந்துவிட்டது.

முட்டையிலிருந்து குளவியாக மாற ஏறக்குறைய மூன்று வாரம்தான் ஆகும். அதனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள். மாதம் ஒருமுறை என்றால் ஒரு தலைமுறையே தப்பிவிடும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. தை, மாசி வாக்கில் மரம் தானாகவே இலை உதிர்த்து, சிவப்பாகப் பூக்கும். மொட்டைக் கிளையைப் பார்த்து 3 போட்டுவிடாதீர்கள். நகத்தால் பட்டையைச் சுரண்டினால் பச்சை தெரிகிறதா? உயிரோடுதான் இருக்கிறது. “இலையில்லை” என்று எழுதிவிட்டு, துளிர் வந்தபின் மதிப்பெண் போடுங்கள்.

இந்தப் பொறுமைக்குப் பலன் உண்டு. 2008-இல் ஹவாயில், முடிச்சுக்குள் இருக்கும் புழுவைத் தின்னும் இன்னொரு குளவியை ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். அது வேலை செய்கிறதா என்பதைத் தொடர்ந்து கணக்கெடுத்துத்தான் தெரிந்துகொண்டார்கள்.

அப்புறம், வெட்டிப் பார்த்த முடிச்சுகளை அங்கேயே மூடிய பையில் போட்டுக் கட்டிவிடுங்கள். முடிச்சுள்ள மரத்திலிருந்து வேலிக்கோ வெற்றிலைக் கொடிக்காலுக்கோ யாராவது போத்து (நடுவதற்கு வெட்டும் கிளைத்துண்டு) கேட்டால் கொடுக்காதீர்கள்.