அமெரிக்காவுக்குப் புதிதாக வருபவர்களுக்கு: துப்பாக்கி பற்றித் தெரிந்திருக்க வேண்டியவை

அமெரிக்கா என்றதும் ஊரில் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது பள்ளியிலும் கடைவீதியிலும் நடக்கும் துப்பாக்கிச்சூடுதான். கணக்கைப் பார்த்தால் நிலைமை வேறு. 2023இல் அங்கே துப்பாக்கியால் இறந்தவர்கள் சுமார் 46,700 பேர். அவர்களில் 27,000 பேருக்கு மேல் தற்கொலை செய்துகொண்டவர்கள். கொலையுண்டவர்கள் 18,000 பேருக்குச் சற்றுக் குறைவு. செய்தியில் வரும் கூட்டப் படுகொலைகள் இந்த எண்ணிக்கையில் சிறு பங்குதான். ஆபத்து அதிகமும் வீட்டுக்குள்ளே இருக்கிறது.

முதலில் உங்கள் விசாவைப் பாருங்கள். எச்-1பி (வேலை), எச்-4 (அவர்களின் குடும்பத்தார்), எஃப்-1 (மாணவர்) போன்ற தற்காலிக விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க மத்திய அரசின் சட்டம் இடம் தருவதில்லை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. வழக்கறிஞரைக் கேட்காமல் அதை நம்பி இறங்காதீர்கள். நண்பர்கள் கூப்பிட்டார்கள் என்று சுடுதளத்துக்குப் போய் வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுப்பதும் ‘வைத்திருத்தல்’ கணக்கில் வரலாம். கிரீன் கார்டு உள்ளவர்கள் வாங்கலாம். ஆனால் துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் அவர்களையும் நாடு கடத்த முடியும். துப்பாக்கி வாங்கும்போது கடையில் நிரப்பும் 4473 படிவத்தில் குடிவரவு நிலை பற்றிய கேள்வி உண்டு. அதில் பொய் எழுதுவதே தனிக் குற்றம்.

துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் வன்முறையின் வேரைத் தொடுகின்றனவா என்ற விவாதம் அலுவலகத்திலும் அக்கம்பக்கத்திலும் உங்கள் காதில் விழும். உரிமம் பெற்ற கடை, வாங்குபவரின் பின்னணியைச் சோதித்தே விற்க வேண்டும். தனியாள் இன்னொருவருக்கு விற்கும்போது மத்திய சட்டம் அந்தச் சோதனையைக் கேட்பதில்லை. சில மாநிலங்கள் மட்டும் கேட்கின்றன. அந்தச் சோதனையும் பழைய தண்டனை, நீதிமன்ற உத்தரவு போன்ற பதிவில் ஏறியதைத்தான் பார்க்கும். நேற்று வேலை போனதோ, குடும்பம் உடைந்ததோ அதன் கண்ணில் படாது.

கொலைகளின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு நகரத்துக்குள்ளேயே, தலைமுறை தலைமுறையாக வறுமையில் விடப்பட்ட சில தெருக்களில்தான் அவை குவிகின்றன. பலவும் பழிக்குப் பழி. பாஸ்டனில் 1996இல் மோதும் இளைஞர் குழுக்களோடு நேரடியாகப் பேசி, உதவியும் எச்சரிக்கையும் சேர்த்துக் கொடுத்தபோது இளைஞர் கொலைகள் வெகுவாகக் குறைந்தன. பிலடெல்பியாவில் குப்பை மண்டிய காலிமனைகளைத் துப்புரவாக்கிப் புல் வளர்த்ததில், ஏழைப் பகுதிகளில் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்ததாக ஆய்வு காட்டியது. 2022இல் வந்த மத்திய சட்டம் இத்தகைய வேலைக்கு 25 கோடி டாலர் ஒதுக்கியது. மொத்தத் தேவைக்கு இது போதாது.

அதற்காகச் சட்டமே வீண் என்பது தவறான முடிவு. தற்கொலை எண்ணம் பலருக்கும் சில நிமிடங்களில் உச்சிக்கு ஏறி இறங்கிவிடுகிறது. துப்பாக்கியால் முயல்பவர்களில் 10 பேரில் 9 பேர் பிழைப்பதில்லை. வேறு வழியில் முயன்று பிழைத்தவர்களில் பெரும்பாலோர் பின்னாளில் தற்கொலையால் சாவதில்லை. அந்த நிமிடங்களில் துப்பாக்கி கைக்கு எட்டாமல் இருந்தால் ஓர் உயிர் தங்கும். வேரை அறுக்காத சட்டம்கூட இதைச் செய்யும்.

நம்மவர்களுக்கு இது தூரத்து விஷயம் அல்ல. எச்-1பி வேலை போனால் அடுத்த ஏற்பாட்டுக்குப் பொதுவாக 60 நாள்தான் அவகாசம். தனிமையும் கடனும் சேரும்போது மனம் உடையும். தற்கொலைத் தடுப்புக்கும் மனநெருக்கடிக்கும் உதவும் 988 என்ற எண்ணை இப்போதே கைபேசியில் சேமியுங்கள். 24 மணி நேரமும் இலவசம். அழைப்பில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். துப்பாக்கி வைத்திருக்கும் நண்பர் நிலைகுலைந்து தெரிந்தால், அதைச் சில நாள் வேறிடத்தில் பூட்டி வைக்கச் சொல்லிப் பாருங்கள். கனெக்டிகட், கலிபோர்னியா உட்பட 20க்கும் மேற்பட்ட மாநிலங்களில் நீதிமன்றம் வழியாகத் தற்காலிகமாக அதை எடுத்து வைக்க முடியும். டெக்சாஸில் அந்த வழி இல்லை. யார் மனு செய்யலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

குழந்தை இருந்தால் இன்னொன்று. அது வேறு வீட்டுக்கு விளையாடப் போகுமுன், ஒவ்வாமை பற்றிச் சொல்லும் அதே குறுஞ்செய்தியில் கேளுங்கள்: “வீட்டில் துப்பாக்கி உண்டா? பூட்டியிருக்கிறதா?” குழந்தை மருத்துவர்களே கேட்கச் சொல்லும் கேள்வி இது, கூச்சம் வேண்டாம். தோட்டாவைக் கழற்றி, துப்பாக்கியைப் பூட்டி, தோட்டாவைத் தனியே பூட்டியிருப்பதாகச் சொன்னால் சரி. “உயரத்தில் ஒளித்து வைத்திருக்கிறோம்” என்றால் போதாது. ஒளித்த இடம் குழந்தைகளுக்குத்தான் முதலில் தெரியும். அப்போது அந்த வீட்டுப் பிள்ளையை உங்கள் வீட்டுக்கு விளையாட அழைத்துவிடுங்கள்.