வங்கப் பஞ்ச ஓவியங்களில் தாயைப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1943 வங்கப் பஞ்சத்தை வரைந்தவர்களில் ஜைனுல் ஆபிதீன், சித்தப்பிரசாத் இருவரும் முக்கியமானவர்கள். கைக்குழந்தையோடு நிற்கும், படுத்துக் கிடக்கும் கிராமத்துப் பெண்கள் இவர்கள் படங்களில் திரும்பத் திரும்ப வருகிறார்கள். அதைப் பார்த்தவுடன் 'தாய்மையின் தியாகம்' என்று தலைப்புப் போட்டுவிடுகிறோம். எனக்கு அதிகம் வலிப்பது இந்தத் தவறுதான். அந்தப் பெண் விரும்பிப் பட்டினி கிடக்கவில்லை. நிலம், மாடு, பாத்திரம் என்று விற்க முடிந்ததெல்லாம் போன பிறகு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கல்கத்தாவுக்கு வந்தாள். அங்கே வீட்டு வாசல்களில் நின்று சோறுகூடக் கேட்கவில்லை, வடிகஞ்சி கேட்டாள்.

மழை பொய்த்து வந்த பஞ்சம் என்று எழுதுவதும் தவறு. 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. எதிரி கைக்குப் போய்விடும் என்று ஆங்கிலேய அரசு கடலோர மாவட்டங்களில் படகுகளைப் பறித்தது. அக்டோபரில் வங்கத்தின் கடலோர மாவட்டமான மிதினாப்பூரைப் புயல் அடித்தது. அப்புறம் போர்க்கால விலையேற்றம், பதுக்கல். நிலமில்லாத கூலிக்காரர்களும் மீனவர்களும்தான் முதலில் சாய்ந்தார்கள். சுமார் 30 லட்சம் பேர் இறந்ததாகச் சொல்கிறார்கள். இது தெரியாமல் பார்த்தால் படத்தில் பரிதாபம் மட்டும்தான் மிஞ்சும்.

ஆபிதீன் படங்களை அவசரக் கிறுக்கல் என்று நினைப்பவர்களும் உண்டு. மலிவான தாள், கருப்பு மை, ஈரம் குறைந்த தூரிகை, அவ்வளவுதான். ஆனால் நின்று பாருங்கள்: விலா எலும்பும் முழங்காலும் அழுத்தி இழுத்த சில கோடுகளில் வந்துவிடுகின்றன. பின்னணி பெரும்பாலும் வெறுமை. அதில் சில இடங்களில் காகங்கள்.

நாட்டுப்புறப் பாணியில் வரைந்த வங்க ஓவியர் ஜாமினி ராயின் தாயும் சேயும் அழகுதான், ஆனால் அது வேறு உலகம். இரண்டையும் 'வங்கத் தாய்' என்று ஒரே தொகுப்பில் போட வேண்டாம்.

சித்தப்பிரசாத் மிதினாப்பூர் கிராமங்களை நடந்தே சுற்றியவர். தான் வரைந்தவர்கள் பலரின் பெயரையும் ஊரையும் குறித்து வைத்தார். 'பசித்த வங்கம்' என்று அவர் வெளியிட்ட சிறுநூலை அரசு பறிமுதல் செய்து அழித்தது. அதனால் அவர் படங்களைப் பகிரும்போது ஓரத்து எழுத்தை வெட்டிவிடாதீர்கள். பெயர் இருந்தால் பெயரோடு, ஊர் இருந்தால் ஊரோடு போடுங்கள்.