ஈஜிபுரா கால்வாயிலிருந்து தென்பெண்ணை வரை: தண்ணீரைக் கண்காணிக்கத் தொடங்குவது எப்படி?

ஓசூர்ப் பக்கம் இருக்கும் என் மாமா மழைக்காலத்தில் போன் செய்தால் பேச்சு இப்படித்தான் தொடங்கும்: "என்ன மாப்ள, உங்க ஊர்ல நல்ல மழை போல? இங்க கெலவரப்பள்ளி அணையில நுரை பொங்குது." பல வருடம் அதை அவருடைய குசும்பு என்றுதான் நினைத்திருந்தேன். பெங்களூரில் ஈஜிபுராவில் என் வீட்டுக்குப் பின்னால் ஓடும் சாக்கடைதான் அந்த நுரையின் ஒரு முனை என்று தெரியவந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

இப்போது எங்கள் தெருவில் ஆறு பேர் சேர்ந்து ஞாயிறுதோறும் காலையில் அந்தக் கால்வாயைச் சோதித்துக் குறித்துவைக்கிறோம். ஒருவர் தையல்காரர், ஒருவர் ஆட்டோ ஓட்டுகிறார், இரண்டு பேர் பள்ளிப் பிள்ளைகள். வேதியியல் படித்தவர் யாரும் இல்லை. நாங்கள் செய்வதை வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் பகுதிக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

1. உங்கள் கால்வாய் எங்கே போகிறது?

கருவி வாங்கும் முன் இதைக் கண்டுபிடியுங்கள். பெங்களூர் ஒரு மேட்டின் மேல், கடல் மட்டத்துக்கு சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கூரை போலத் தண்ணீர் இரண்டு பக்கமும் சரிகிறது. மேற்கே விழுவது விருஷபாவதி வழியாக அர்க்காவதிக்குப் போய், சங்கமம் என்ற இடத்தில் காவிரியில் சேரும். கிழக்கே விழுவது ஹெப்பாள் பள்ளத்தாக்கு, கோரமங்களா - சல்லகட்டா பள்ளத்தாக்கு என்ற இரண்டு வழிகளில் இறங்கித் தென்பெண்ணைக்குப் போகும். அதற்குக் கன்னடத்தில் தட்சிண பினாகினி என்று பெயர். நந்தி மலைப் பக்கம் பிறக்கிறது.

எங்கள் கால்வாய் இதில் இரண்டாவது வகை. பெல்லந்தூர் ஏரி, அடுத்து வர்த்தூர் ஏரி, அங்கிருந்து ஆறு, ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணை, கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை, கடைசியில் கடலூர்ப் பக்கம் கடல். சாத்தனூருக்குச் சுற்றுலா போய் மீன் வறுவல் சாப்பிட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்!

உங்கள் கால்வாயின் வழியை அறிய, போனில் மேடு பள்ளம் காட்டும் வரைபடத்தைத் திறந்து, கால்வாயின் கோட்டை விரலால் பிடித்துக்கொண்டே கீழ்நோக்கிப் போங்கள். கோடு காணாமல் போகும் இடத்தில் பழைய ஆட்களைக் கேளுங்கள். மெஜஸ்டிக் பேருந்து நிலையம் ஒரு காலத்தில் தர்மாம்புதி ஏரி. கண்டீரவா ஸ்டேடியம் சம்பங்கி ஏரி. இந்த ஊரில் பல கால்வாய்கள் பாதி தூரம் சிமெண்டுக்கு அடியில்தான் ஓடுகின்றன. அரசுக் காகிதங்களில் அவற்றுக்கு "ராஜகாலுவே" என்று பெயர். புகார் எழுதும்போது அந்தச் சொல்லையே எழுதுங்கள். "சாக்கடை" என்றால் வேறு மேசைக்குத் தள்ளிவிடுவார்கள்.

2. மூன்று இடங்களைத் தேர்ந்தெடுங்கள்

ஓரிடத்தில் மட்டும் எடுத்த எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. கழிவு கலப்பதாக நீங்கள் சந்தேகப்படும் குழாய்க்கு மேலே ஓரிடம், அதற்குச் சற்றுக் கீழே ஓரிடம், தண்ணீர் நன்றாகக் கலந்த பிறகு ஓரிடம். முதல் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்தக் குழாயின் கதை. ஏரி என்றால் தண்ணீர் நுழையும் வாய், கரையோரம் ஓரிடம், கோடி போகும் இடம். (கலங்கலை எங்கள் பக்கம் கோடி என்போம், கன்னடத்திலும் அதே சொல்தான்.)

மூன்றுமே பாலமாகவோ கைப்பிடிச் சுவர் உள்ள கரையாகவோ இருக்க வேண்டும். கால்வாய்க்குள் இறங்கவே கூடாது. உடைந்த கண்ணாடி, ஊசி, நச்சுவாயு எல்லாம் உண்டு. மழை பிடித்தால் அரை மணி நேரத்தில் நெஞ்சளவு வந்துவிடும். தனியாகப் போகாதீர்கள்.

3. பையில் என்ன இருக்க வேண்டும்?

கயிறு கட்டிய சின்ன பிளாஸ்டிக் வாளி, ரப்பர் கையுறை, குடிக்கிற தண்ணீர் இரண்டு லிட்டர் (கழுவுவதற்கு), வெப்பமானி, பிஎச் தாள் (தண்ணீர் அமிலமா காரமா என்று நிறத்தில் காட்டும்), பேனா வடிவ டிடிஎஸ் மீட்டர் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும்), கரைந்த ஆக்சிஜனை அளக்கும் கிட். கடைசி ஒன்று மட்டும் கொஞ்சம் செலவு. ஆறு வீட்டில் பகிர்ந்துகொண்டோம். மற்றவை மீன் தொட்டிப் பொருள் விற்கும் கடையிலேயே கிடைக்கும். சோப்பை மறக்காதீர்கள்.

ஏரிக்குப் போவதாக இருந்தால் இருபது சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு பழைய தட்டை எடுத்து, நான்கு காலாகப் பிரித்து, ஒன்று விட்டு ஒன்று கறுப்பும் வெள்ளையும் அடியுங்கள். நடுவில் துளையிட்டு, அடியில் கல் கட்டி, அளவு குறித்த கயிற்றில் இறக்குங்கள். கண்ணுக்கு மறையும் ஆழம், மேலே தூக்கும்போது மறுபடி தெரியும் ஆழம், இரண்டின் சராசரி. 1865-இல் இத்தாலியப் பாதிரியார் செக்கி செய்துகாட்டிய முறை இது. இன்றும் ஏரி ஆய்வாளர்கள் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

4. தண்ணீர் எடுப்பது

வாளியை முதலில் அதே தண்ணீரில் இரண்டு முறை அலசிக் கொட்டுங்கள். மூன்றாவது முறை எடுப்பதுதான் மாதிரி. மேலே மிதக்கும் நுரையையோ அடியில் உள்ள சேற்றையோ அள்ளாமல், நடு ஓட்டத்தில் எடுக்க வேண்டும். கழிவு குறைந்த இடத்திலிருந்து தொடங்கி அதிகமான இடத்தில் முடித்தால் ஒன்றின் அழுக்கு இன்னொன்றில் ஒட்டாது.

எடுத்ததும் முதலில் நிறம், நாற்றம் இரண்டையும் எழுதுங்கள். "மோசம்" என்று எழுதாதீர்கள், அடுத்த வாரம் படிக்கும்போது ஒன்றும் புரியாது. "அழுகிய முட்டை நாற்றம், சாம்பல் நிறம்", "சோப்பு வாசனை, நீலச் சாயல்" என்று எழுதுங்கள். அழுகிய முட்டை நாற்றம் என்றால் ஆக்சிஜன் தீர்ந்துபோன தண்ணீரில் ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாகிறது என்று அர்த்தம். வாளியில் சிவப்பாக நெளியும் புழு இருந்தால் அதையும் குறியுங்கள். அந்த ரத்தப்புழுவின் உடலில் ஹீமோகுளோபின் இருப்பதால்தான் மூச்சு முட்டும் சேற்றிலும் பிழைக்கிறது.

வெப்பம், பிஎச், டிடிஎஸ் மூன்றும் ஐந்து நிமிட வேலை. பிஎச் 6.5-க்கும் 8.5-க்கும் இடையில் இருந்தால் அந்த வகையில் தொல்லை இல்லை. டிடிஎஸ் எண்ணைத் தனியாகப் பார்த்துப் பயப்படாதீர்கள். வீட்டுக் குழாயில் வரும் காவிரித் தண்ணீர், தெருவிலுள்ள போர்வெல் தண்ணீர் இரண்டையும் அதே மீட்டரில் அளந்து பக்கத்தில் எழுதிவைத்தால் ஒப்பிட வசதி.

5. கரைந்த ஆக்சிஜன்: இதற்கு மட்டும் பொறுமை வேண்டும்

தண்ணீருக்கு உயிர் இருக்கிறதா என்று சொல்லும் எண் இதுதான். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாட்டில், மீன் வளர லிட்டருக்கு குறைந்தது 4 மில்லிகிராம் வேண்டும், குளிக்க 5.

கிட்டோடு வரும் கண்ணாடிப் புட்டியை வாளித் தண்ணீருக்குள் முழுக்க அமிழ்த்தி, உள்ளேயே மூடுங்கள். ஒரு காற்றுக் குமிழி இருந்தாலும் கொட்டிவிட்டு மறுபடி எடுங்கள். பிறகு முதல் இரண்டு மருந்துகளைச் சொன்ன அளவு விட்டு, மூடிக் குலுக்குங்கள். இப்போது புட்டியையே பாருங்கள். பழுப்பாகத் திரிந்து இறங்கினால் ஆக்சிஜன் இருக்கிறது. வெள்ளையாகவே நின்றுவிட்டால் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. எங்கள் இரண்டாவது இடத்தில் முதல் நாள் அது பால் போல வெள்ளையாக நின்றது. தையல்கார அண்ணன் மருந்து காலாவதி என்று சந்தேகப்பட்டு, வீட்டுக் குடத்துத் தண்ணீரில் சோதித்தார். உடனே பழுப்பானது.

பழுப்பு வந்தால் மூன்றாவதாக அமிலத்தை விடுங்கள். திரிந்தது கரைந்து மஞ்சளாகும். அப்புறம் ஸ்டார்ச் சேர்த்தால் கருநீலம். கடைசி மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நீலம் மறையும்வரை எண்ணினால் அதிலிருந்து அளவு கிடைக்கும். மருந்துகள் தோலைப் பொசுக்கும், பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். மிச்சத்தைத் தனி பாட்டிலில் சேருங்கள். கால்வாயைக் காப்பாற்றப் போய் அதிலேயே கொட்டினால் எப்படி?

நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்துப் பகுதியின் ஏரி ஒன்றில் பிற்பகல் மூன்று மணிக்கு அளந்து, லிட்டருக்கு 11 என்று வந்ததும் "ஏரி பிழைத்துக்கொண்டது" என்று எல்லோருக்கும் வாட்ஸப்பில் சொல்லிவிட்டேன். உண்மையில் நம் ஊர் உயரத்தில், 25 டிகிரி வெப்பத்தில், காற்றிலிருந்து மட்டும் கரைந்தால் 7.5-ஐத் தாண்டாது. மிச்சம், வெயிலில் பச்சைப் பாசி விடும் ஆக்சிஜன். இரவில் அதே பாசி அதை இழுத்துக்கொள்ளும். மறுநாள் விடியற்காலை ஆறு மணிக்குப் போனால் எண் 1-ஐக்கூடத் தொடவில்லை. அதனால்தான் எப்போதும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும், அதுவும் வெயில் ஏறுமுன்.

6. எவ்வளவு ஓடுகிறது?

பத்து மீட்டர் தூரத்துக்கு இரண்டு அடையாளம் வையுங்கள். மேலே ஓர் ஆரஞ்சுப் பழத்தைப் போட்டு, கீழ் அடையாளத்தைத் தொட எத்தனை நொடி என்று பாருங்கள். பாதி மூழ்கி மிதப்பதால் காற்று அதைத் தள்ளாது. மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். அகலம் 3 மீட்டர், சராசரி ஆழம் 0.4 மீட்டர், பழம் 20 நொடியில் வந்தது என்று வைத்துக்கொள்வோம். வேகம் நொடிக்கு அரை மீட்டர். அடியில் ஓட்டம் மெதுவாக இருப்பதால் 0.85-ஆல் பெருக்க வேண்டும். மூன்றையும் சேர்த்துப் பெருக்கினால் நொடிக்கு 510 லிட்டர். அதே வேகத்தில் ஒரு நாள் ஓடினால் 4.4 கோடி லிட்டர்.

இதைப் பிப்ரவரியில் செய்து பாருங்கள். வாரக்கணக்காக மழை இல்லை. பெயரோ மழைநீர்க் கால்வாய். காலை எட்டு, ஒன்பது மணிக்கு, ஊரே குளித்துத் துணி துவைக்கும் நேரத்தில், ஓட்டம் கூடும். என்ன தண்ணீர் ஓடுகிறது என்று இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

7. நோட்டை எங்கே கொடுப்பது?

தேதி, நேரம், கடைசியாக எப்போது மழை, இடம், எண்கள், அளந்தவர் பெயரின் முதல் எழுத்து, ஒரு புகைப்படம். ஒரே கோணத்தில் எடுங்கள்.

வீட்டு கிட்டில் வந்த எண்ணை யாரும் சட்டப்படி சாட்சியாக ஏற்க மாட்டார்கள். 1974 நீர்ச் சட்டத்தில் மாதிரி எடுக்க மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரிகளுக்குத் தனி நடைமுறை இருக்கிறது. உங்கள் நோட்டின் வேலை வேறு: அவர்கள் எங்கே, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று சொல்வது. எங்கள் இடத்தில் அதிகாரி ஒருவர் பகல் பன்னிரண்டு மணிக்கு வந்து, எல்லாம் சரியாக இருப்பதாக எழுதிக்கொண்டு போய்விட்டார். எட்டு வாரக் குறிப்பில் நீலச் சாயல் தெரிந்தது முழுக்க ஞாயிறு விடியலில்தான் என்று காட்டிய பிறகு, அந்த நேரத்துக்கே வந்து மாதிரி எடுத்தார்கள். ஒரு குழாய் அடைபட்டது. இன்னொன்று இன்னும் ஓடுகிறது.

வீட்டுக் கழிவுநீர் என்றால் குடிநீர் வடிகால் வாரியம். தொழிற்சாலைக் கழிவு என்றால் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். கால்வாயில் குப்பை, கட்டட இடிபாடு என்றால் மாநகராட்சி. கன்னடத்தில் எழுதிக் கொடுங்கள். எங்களுக்கு எட்டாம் வகுப்புப் படிக்கும் பெண் எழுதித் தருகிறாள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு.

போன மாதம் மாமாவுக்கும் ஒரு வெப்பமானி, பிஎச் தாள், டிடிஎஸ் மீட்டர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அணைக்குக் கீழே தரைப்பாலத்தில் அவரும் அதே ஞாயிறு அளந்து, ஏழரை மணிக்குப் போனில் எண்களைச் சொல்கிறார். எங்கள் நோட்டில் கடைசிக் கட்டம் அவருடையது. நுரை எத்தனை அடி என்றும் எழுதச் சொல்கிறார், எழுதுகிறோம்.