பகாரிச்சின் அரசியலைப் படிக்கப் போகிறீர்களா? பதவிப் பட்டியலை நம்பாதீர்கள்

யூகோஸ்லாவியக் கூட்டாட்சியின் ஒரு குடியரசாக இருந்த கம்யூனிஸ்ட் காலத்துக் குரோவேசியாவைப் படிக்க உட்கார்ந்தால் விளாடிமிர் பகாரிச்சைத் தாண்டிப் போக முடியாது. பலரும் அவருடைய அரசுப் பதவிகளைத்தான் முதலில் குறித்துக்கொள்கிறார்கள்: 1945 முதல் 1953 வரை குடியரசின் பிரதமர், அப்புறம் பத்து வருஷம் சபோர் எனப்படும் நாடாளுமன்றத்தின் தலைவர். இதை மட்டும் பார்த்தால் 1953-ல் ஆளை ஓரங்கட்டிவிட்டார்கள் என்றே தோன்றும். சுத்தத் தப்பு.

தாளின் நடுவே ஒரு கோடு போடுங்கள். ஒரு பக்கம் அரசுப் பதவி, மறுபக்கம் கட்சிப் பதவி. கட்சிப் பக்கத்தில் 1944 முதல் 1969 வரை ஒரே வரிதான் வரும்: குரோவேசியக் கட்சியின் தலைமை. அதிகாரம் இருந்ததும் அங்கேதான். 1952-ல் கட்சி 'கம்யூனிஸ்ட் லீக்' என்று பெயர் மாற்றிக்கொண்டது, அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

அடுத்து, அவருக்கு முன்னால் யார், பின்னால் யார் என்று பாருங்கள். 1944-ல் அவர் பிடித்தது அந்திரியா ஹெப்ராங்கின் இடம். குரோவேசிய நலனைத் தனியாகப் பேசுகிறார் என்று யூகோஸ்லாவியக் கட்சி மேலிடம் சந்தேகப்பட்ட ஹெப்ராங், கூட்டாட்சித் தலைநகர் பெல்கிரேடுக்கு மாற்றப்பட்டு, 1948-ல் கைதாகி, சிறையிலிருந்து திரும்பவே இல்லை. பகாரிச் கடைசிவரை பிடிகொடுக்காமல் பேசியதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் 1969 முதல் 1971 வரை. தலைமையை சாவ்கா டாப்செவிச்-குச்சாரிடம் விட்டுக்கொடுத்தார். சாவ்காவும் அவரோடு நின்ற குரோவேசியக் கட்சித் தலைவர் மிக்கோ திரிபாலோவும் குரோவேசியா ஈட்டும் அந்நியச் செலாவணியில் கூடுதல் பங்கு கேட்டபோது, 1970 ஜனவரி மத்தியக் குழுக் கூட்டத்தில் பகாரிச்சும் அவர்கள் பக்கம்தான் நின்றார். அடுத்த வருஷக் கடைசியில் மாணவர் வேலைநிறுத்தம் வெடித்து, யூகோஸ்லாவியாவின் தலைவர் டிட்டோ எல்லோரையும் கரஜோர்ஜேவோவில் இருந்த தன் வேட்டை மாளிகைக்கு வரவழைத்துக் கண்டித்தபோது, பகாரிச் நின்றது டிட்டோ பக்கம். சாவ்காவும் திரிபாலோவும் ராஜினாமா செய்ய, மில்கா பிளானின்ட்ஸ் கட்சித் தலைவரானார். 1970-ல் பேசியதையும் 1971-ல் பேசியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள், மற்றவர் எழுதும் விளக்கத்தைவிட அதில்தான் ஆள் தெரிவார்.

கடைசி வருஷங்களை வேகமாகக் கடந்துவிடலாம். 1974 முதல் யூகோஸ்லாவியக் கூட்டாட்சியின் கூட்டுத் தலைமைக் குழுவில் உறுப்பினர், 1982-ல் அதன் துணைத் தலைவர். பெரிய பதவி உயர்வு என்று எழுதிவிடாதீர்கள். டிட்டோ இறந்தபின் தலைவர், துணைத் தலைவர் பதவிகள் குடியரசுகளுக்கும் தன்னாட்சி மாகாணங்களுக்கும் இடையே வருஷாவருஷம் முறைவைத்துச் சுற்றின, அது குரோவேசியாவின் முறை, அவ்வளவுதான். 1983 ஜனவரியில் பகாரிச் இறந்துபோக, அதே முறைப்படி மே மாதம் தலைவரானவர் அவர் இடத்துக்கு வந்த மிக்கா ஷ்பில்யாக்.