மூன்று செயின்ரிங்கிலிருந்து ஒன்றுக்கு மாறும் முன்

3×8 கியர் (முன்னே மூன்று, பின்னே எட்டுப் பல்சக்கரம்) எம்டிபியை, அதாவது மலைப்பாதை சைக்கிளை, ஒற்றைச் செயின்ரிங்குக்கு (பெடல் பக்கப் பல்சக்கரம்) மாற்றுவதானால், முதலில் பின் சக்கரத்தைக் கழற்றி ஹப்பை (சக்கரத்தின் நடு உருளை) பாருங்கள். செலவைத் தீர்மானிப்பது அதுதான்.

ஷிமானோவின் எச்ஜி வகை ஃப்ரீஹப் (பின் பல்சக்கரத் தொகுதியான கேசட்டை மாட்டும் பகுதி) இருந்தால் டியோர் எம்5100 (11 ஸ்பீடு, 11 முதல் 51 பல் வரை) அல்லது மைக்ரோஷிஃப்ட் அட்வென்ட் எக்ஸ் (10 ஸ்பீடு, 11-48) கேசட் அப்படியே ஏறும். 12 ஸ்பீடு டியோரின் 10-51 கேசட்டுக்கு மைக்ரோ ஸ்ப்லைன் என்ற வேறு வகை ஃப்ரீஹப் வேண்டும். உங்கள் ஹப்புக்கு அது கிடைக்காவிட்டால் புதுச் சக்கரம்தான். ஃப்ரீஹப் இல்லாமல், பல்சக்கரத் தொகுதியையே ஹப்பில் திருகி மாட்டும் ஃப்ரீவீல் என்றாலும் அதே கதி. 12 ஸ்பீடின் அந்தக் கூடுதல் ஒரு கியருக்காக இவ்வளவு செலவு தேவையில்லை என்பேன்.

அடுத்து மேடேறும் கணக்கு. பழைய 22 பல் செயின்ரிங்கும் 32 பல் கேசட்டும் தரும் விகிதம் 0.69 (முன் பல்லைப் பின் பல்லால் வகுத்தது; குறைந்தால் மிதிப்பது இலகு). புதிதாக 32-க்கு 42 போட்டால் 0.76; முன்பைவிடக் கனமாக மிதிக்க வேண்டும்! 32-க்கு 51 என்றால் 0.63, கால் தப்பித்தது.

ஷிஃப்டர் (கியர் மாற்றும் நெம்பு), டீரெய்லர் (செயினைப் பல்சக்கரம் மாற்றும் கருவி), கேசட், செயின் நான்கையும் ஒரே வரிசையில் வாங்குங்கள். ஷிமானோவின் க்யூஸ் வரிசை ஷிஃப்டரைப் பழைய டியோர் டீரெய்லருடன் சேர்த்தால் கியர் சரியாக விழாது, கேபிள் இழுக்கும் அளவு வேறு. செயின்ரிங் நேரோ-வைடு (ஒன்றுவிட்டு ஒன்று குறுகலும் அகலமுமான) பல்லாக இருக்கட்டும். சாதாரணப் பல்லில் குலுங்கும் பாதையில் செயின் கழன்றுவிடும். கிராங்க்கில் (பெடல் மாட்டும் தண்டு) செயின்ரிங்குகள் ரிவெட் அடித்திருந்தால் கிராங்க்கையும் மாற்ற வேண்டும். போல்ட் என்றால் நடு இடத்தில் மாட்டி, குட்டை போல்ட் போடுங்கள்.

மாட்டியபின் கியர் தாவினால் கேபிளைத் திருகிக்கொண்டே இருக்காதீர்கள். ஹேங்கர் (டீரெய்லரைச் சட்டத்தில் மாட்டும் துண்டு) வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். பெரிய கேசட்டில் பி-ஸ்க்ரூ (டீரெய்லருக்கும் கேசட்டுக்கும் இடைவெளி வைக்கும் திருகு) இடைவெளியும் முக்கியம். டீரெய்லரின் மேல் புல்லி பெரிய பல்சக்கரத்தில் உரசினால் அந்தத் திருகை இறுக்குங்கள்.