ஸ்ட்ரைக் என்றைக்கு, எந்த வடிவில்? அஞ்சல் கிளைக் கூட்டத்துக்கு முன் போட வேண்டிய கணக்கு

அஞ்சல் சங்கக் கூட்டத்தில் ‘ஸ்ட்ரைக் வேண்டுமா’ என்ற கேள்வி அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ‘என்றைக்கு, எப்படி’ என்று வரும்போதுதான் நள்ளிரவு தாண்டும். சூடு ஆறுவதற்குள் இறங்கிவிட வேண்டும் என்பார் ஒருவர். பண்டிகைக் காலம் வரட்டும், அப்போதுதான் நிர்வாகத்துக்கு வலிக்கும் என்பார் இன்னொருவர். இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் யார் கையிலும் கணக்கு இல்லையென்றால், தொண்டை பெரிதாக இருப்பவர் சொன்ன தேதிதான் முடிவாகும். கூட்டத்துக்கு மூன்று வாரம் முன்பே கிளைப் பொறுப்பாளர்கள் உட்கார்ந்து போட வேண்டிய கணக்குகள் இவை.

தபால் எவ்வளவு தேங்கும், எத்தனை நாளில் தீரும்

முதல் தாளில் அலுவலகத்தின் ஒரு வார வரத்தை எழுதுங்கள். நாளுக்கு எத்தனை உருப்படி வருகிறது, வழக்கமான ஷிப்டில் எத்தனை பிரிபடும், ஓவர்டைம் போட்டால் கூடுதலாக எத்தனை ஆகும் என்ற மூன்று எண்கள் போதும்.

ஓர் உதாரணம். தினம் 60,000 உருப்படி வரும் சார்ட்டிங் அலுவலகம், அதாவது தபாலை ஊர்வாரியாகப் பிரிக்கும் இடம். ஆள்பலம் அந்த 60,000-க்குச் சரியாக இருக்கிறது. ஓவர்டைமில் இன்னும் 12,000 பிரிக்கலாம். ஒரு நாள் ஸ்ட்ரைக் நடந்தால் 60,000 தேங்கும். மறுநாளிலிருந்து ஓவர்டைம் ஓடினால் ஐந்தே நாளில் தேக்கம் காலி. ஆறாம் நாள் காலையில் ஸ்ட்ரைக் நடந்த சுவடே இருக்காது. தேக்கத்தைத் தீர்த்தது யார்? ஸ்ட்ரைக் செய்த அதே ஆட்கள்தான், அதுவும் கூடுதல் சம்பளத்துக்கு.

அதனால்தான் ஓவர்டைம் மறுப்பு இல்லாத ஒரு நாள் ஸ்ட்ரைக் பெரும்பாலும் வெற்று அடி. முதலில் ஓவர்டைம் மறுப்பை அறிவித்து, அது நிலைபெற்ற பிறகு ஒரு நாள் ஸ்ட்ரைக்கில் இறங்கினால் அந்த 60,000 அப்படியே உட்கார்ந்திருக்கும். அடுத்த நாள் ஸ்ட்ரைக் அதன் மேல் ஏறும். உறுப்பினருக்குப் போவது ஒரு நாள் சம்பளம்தான். நிர்வாகத்துக்குத் தேக்கம் நாள்தோறும் பழையதாகிக்கொண்டே போகும். கனடாவில் 2025 மே 23 அன்று அஞ்சல் ஊழியர்கள் வேலையை நிறுத்தாமல் நாடு முழுக்க ஓவர்டைம் மறுப்போடு மட்டும் தொடங்கினார்கள். சம்பளம் இழக்காமல் நெருக்கடி கொடுக்க அது ஒரு வழி.

ஆனால் ஓவர்டைம் மறுப்பு தானாக நிலைக்காது. மாதக் கடைசியில் கடன் தவணை கட்ட வேண்டிய உறுப்பினர் இரண்டு மணி நேரம் கூடுதலாக நின்றுவிடுவார். ஓவர்டைம் பதிவேட்டை தினமும் ஒருவர் பார்க்காவிட்டால் பத்தாம் நாளில் மறுப்பு காகிதத்தில் மட்டும்தான் இருக்கும்.

எந்தப் பிரிவு, எந்த நாள்

தபால் ஒரு சங்கிலி. பெட்டி எடுப்பது, சார்ட்டிங், வேன், பட்டுவாடா என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போகிறது. எல்லாரையும் ஒரே நாளில் நிறுத்தினால் தபால் ஒரு நாள் நிற்கும். சார்ட்டிங்கையும் வேன் ஓட்டுநர்களையும் வியாழன், பட்டுவாடாவை வெள்ளி என்று பிரித்தால், ஆளுக்கு ஒரு நாள் சம்பளத்தில் இரண்டு நாள் தபால் நிற்கும். 2009 அக்டோபர் 22, 23-ல் பிரிட்டிஷ் அஞ்சல் ஊழியர்கள் செய்தது இதுதான்.

இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. வியாழக்கிழமை பட்டுவாடாக்காரர்கள் வேலைக்கு வருவார்கள். கையில் தபால் இருக்காது. ‘வேலை இல்லை, வீட்டுக்குப் போ’ என்று நிர்வாகம் அனுப்பினாலோ, சார்ட்டிங் மேஜையில் உட்காரச் சொன்னாலோ என்ன செய்வது என்பதை முந்தைய வாரமே எழுத்தில் சொல்லிவைக்க வேண்டும். சொல்லாமல் விட்டால், நல்ல தோழர்களே அறியாமல் கருங்காலி வேலை செய்துவிட்டுத் திரும்புவார்கள்.

இரவு ஷிப்ட் இன்னொரு பொறி. புதன் இரவு 10 மணிக்கு ஏறி வியாழன் காலை 6 மணிக்கு இறங்குபவர் எந்தத் தேதியின் ஆள்? நோட்டீஸில் வெறுமனே ‘வியாழக்கிழமை’ என்று போட்டால், பாதிப்பேர் நடு ஷிப்டில் எழுந்து போகலாமா கூடாதா என்று குழம்புவார்கள். அந்தக் குழப்பத்தில் வெளியேறுபவர் மேல் நடவடிக்கை வரும். ‘இந்தத் தேதி இத்தனை மணிக்குப் பின் தொடங்கும் எல்லா ஷிப்டுகளும்’ என்று ஷிப்ட் தொடங்கும் நேரத்தை வைத்தே எழுதுங்கள்.

பின்னோக்கி எண்ணுங்கள்

ஸ்ட்ரைக் தேதியைப் பூஜ்யம் என்று வைத்துப் பின்னால் போங்கள். நோட்டீஸ் காலம் 14 நாள் என்றால், கொடுத்த நாளைச் சேர்க்காமல் எண்ணி, ஒரு நாள் உபரியும் வைத்து, 16-ஆம் நாள் முன்பே நிர்வாகத்தின் கையில் இருக்க வேண்டும். ஒப்புகைக் கையெழுத்து கட்டாயம். வாக்கு எண்ணிக்கை 20-ஆம் நாள். வாக்குச்சீட்டு அனுப்புவது 42-ஆம் நாள் வாக்கில். உறுப்பினர் முகவரிப் பட்டியலைச் சரிபார்க்க அதற்கும் முன்னால் இரண்டு வாரம். ஆக, ‘அடுத்த மாதம் இறங்குவோம்’ என்று கூட்டத்தில் கைதட்டல் வாங்குபவர் நாட்காட்டியைப் பார்க்கவில்லை என்று பொருள்.

முகவரிப் பட்டியலை அலட்சியம் செய்யாதீர்கள். ஓய்வு பெற்றவர், மாற்றலாகிப் போனவர், இறந்தவர் பெயருக்கெல்லாம் வாக்குச்சீட்டு போயிருந்தால் வாக்கெடுப்பே நீதிமன்றத்தில் விழலாம். வாக்குச்சீட்டில் ஒரு கோரிக்கை, நோட்டீஸில் வேறு கோரிக்கை என்று இருந்தாலும் அதே கதி.

நோட்டீஸ் விதி நாட்டுக்கு நாடு வேறு. கனடாவில் கூட்டாட்சித் தொழில் சட்டப்படி 72 மணி நேரம். 2022-ல் பிரிட்டனில் 14 நாள். இந்தியாவின் 2020 தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் நோட்டீஸ் கொடுத்து 14 நாள் கழியாமல் இறங்க முடியாது. ஊழியர்களில் பாதிப்பேருக்குக் குறையாமல் ஒரே நாளில் கூட்டாகத் தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அந்தச் சட்டப்படி அது ஸ்ட்ரைக்தான். ‘சேர்ந்து லீவு போடலாம்’ என்ற பழைய யோசனையை யாராவது எடுத்தால் இதைச் சொல்லுங்கள். மத்திய அரசு ஊழியர் என்றால் 1964 நடத்தை விதிகளின் 7-ஆம் விதி தனியாகத் தடை போடுகிறது. தடை இருந்தும் இறங்குவதா என்பது வேறு விவாதம். ஆனால் அதைத் தெரிந்தே வாக்களிக்க வேண்டும்.

உச்சக் காலமா, சாதாரண வாரமா

பார்சல் குவியும் பண்டிகை மாதம்தான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். அழுத்தம் அதிகம் என்பது உண்மை. ஆனால் அரசு தலையிடச் சாக்கு கிடைப்பதும் அப்போதுதான். கனடாவில் 2018 அக்டோபர் 22-ல் சுழற்சி முறையில் தொடங்கிய ஸ்ட்ரைக்கை நவம்பர் இறுதியில் சட்டம் போட்டு முடித்தார்கள். 2024 நவம்பர் 15-ல் நாடு தழுவி இறங்கியபோது, டிசம்பர் 17-ல் தொழில் உறவு வாரியத்தின் உத்தரவால் வேலைக்குத் திரும்ப வேண்டியதாயிற்று.

இன்னொரு இழப்பும் உண்டு. நோட்டீஸ் கிடைத்த அன்றே பெரிய வாடிக்கையாளர்கள் பார்சலைத் தனியார் கூரியருக்கு மாற்றிவிடுவார்கள். எல்லாரும் திரும்பி வருவதில்லை. கடிதம் மட்டுமே முக்கியமாக இருந்த காலத்துக்கும் இப்போதைக்கும் பெரிய வேறுபாடு இது.

1970 மார்ச்சில் நியூயார்க் தபால்காரர்கள் பண்டிகைக்குக் காத்திருக்கவில்லை. 17-ஆம் தேதி வாக்கெடுப்பில் 1,555-க்கு 1,055 என்று முடிவாகி, மறுநாளே இறங்கினார்கள். சட்டம் தடுத்திருந்தது, தேசியத் தலைமையும் ஒப்பவில்லை. இருந்தும் சுமார் இரண்டு லட்சம் பேர்வரை பரவியது. நிதி நிறுவனங்களின் காகிதம் முழுக்கத் தபாலில் ஓடிய நகரம் அது. அமெரிக்க அதிபர் நிக்சன் ராணுவத்தை அனுப்பினார். பழக்கமில்லாத கையால் சார்ட்டிங் ஓடவில்லை. எட்டு நாளில் முடிந்தது, அஞ்சல் சீர்திருத்தச் சட்டம் அதே ஆகஸ்டில் வந்தது.

இதற்கு நேர் எதிர், 1971 பிரிட்டன். ஜனவரி 20-ல் தொடங்கி 47 நாள். சங்கத்திடம் போதிய நிதி இல்லை. தொலைபேசி ஓடிக்கொண்டிருந்தது. அரசு அஞ்சல் ஏகபோகத்தைத் தளர்த்தித் தனியாரை அனுமதித்தது. உறுதி குறைந்ததால் அது தோற்கவில்லை. மாற்று வழிகள் திறந்திருந்தன, சங்கத்தின் நிதிப் பெட்டி காலியாக இருந்தது.

எனவே தேதியைத் தேடும்போது ‘தபால் எப்போது அதிகம்’ என்று மட்டும் பார்க்காதீர்கள். எந்தத் தபாலுக்கு மாற்று இல்லை, நிர்வாகம் எந்த முடிவை எந்தத் தேதிக்குள் எடுத்தாக வேண்டும் என்று பாருங்கள். இந்தியாவில் கிராம அஞ்சல் ஊழியர்கள் 2018 மே 22-ல் இறங்கியபோது, அவர்கள் சம்பளத்தை ஆராய்ந்த கமலேஷ் சந்திரா குழுவின் அறிக்கை அரசின் மேஜையில் காத்திருந்தது. ஜூன் 6-ல் அமைச்சரவை ஒப்புதல் வந்தது. தயாராக ஒரு கோப்பு, அதில் ஒரு கையெழுத்து மட்டும் பாக்கி என்ற நிலைதான் காலவரையற்ற ஸ்ட்ரைக்குக்கு நல்ல தருணம். பேச்சே தொடங்காத கோரிக்கைக்குக் காலவரையற்றதை எடுப்பது பெரும்பாலும் தவறு.

சம்பளக் கணக்கு

இதைக் கூட்டத்தில் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். மாதம் 26 வேலை நாள் என்றால் ஒரு நாள் ஸ்ட்ரைக் மாதச் சம்பளத்தில் 3.85 சதவீதம். நிர்வாகம் தரத் தயாராக இருப்பதைவிட 3 சதவீதம் கூடுதலாகக் கேட்கிறோம், அது கிடைத்துவிட்டது என்று வைத்தால், ஒரு நாள் இழப்பு ஒன்றேகால் மாதத்தில் மீளும். 12 நாள் இழந்தால் 46 சதவீதம், மீள 15 மாதத்துக்கு மேல் ஆகும். இதைக் கேட்டுச் சிலர் பின்வாங்கலாம், வாங்கட்டும். நாலாம் நாள் பின்வாங்குவதைவிட இன்று பின்வாங்குவது நல்லது. கோரிக்கை சம்பளமாக இல்லாமல் பணிப்பாதுகாப்பாகவோ வேலைப்பளுவாகவோ இருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

ஸ்ட்ரைக் நிதியை எல்லாருக்கும் சமமாகப் பிரித்தால் சீக்கிரம் கரையும். 400 உறுப்பினர், ஆளுக்குத் தினம் அரைநாள் சம்பளம், கையில் 4,800 அரைநாள் சம்பளத்துக்கு ஈடான தொகை என்றால் 12 நாள் வரும். தேவைப்படும் மூன்றில் ஒருவருக்கு மட்டும் என்றால் 36 நாள். ‘தேவை’ என்பதற்கு வரையறை ஸ்ட்ரைக்குக்கு முன்பே முடிவாக வேண்டும்: ஒற்றை வருமானம், நோயாளி, தற்காலிக ஊழியர். இடையில் முடிவு செய்யப் போனால் சண்டை வரும்.

தலை எண்ணுவது

கூட்டத்தில் தூக்கிய கை கணக்கில் வராது. பக்கத்தில் இருப்பவருக்காகவும் கை தூக்குவார்கள். ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசி 1 முதல் 4 வரை குறியுங்கள். வாசல் மறியலுக்கு வருபவர் 1, வீட்டில் இருப்பார் ஆனால் வேலைக்குப் போகமாட்டார் 2, தெரியவில்லை 3, உள்ளே போவார் 4. ஒன்றையும் இரண்டையும் மட்டும் கூட்டுங்கள். பயிற்சிக் காலத்தில் இருப்பவரை அவர் என்ன சொன்னாலும் 3-ல் போடுங்கள்.

120 பேர் உள்ள சார்ட்டிங்கில் 84 பேர் என்றால் 70 சதவீதம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் உள்ளே நிற்கும் 36 பேரும் மேற்பார்வையாளர்களும் சேர்ந்து விரைவுத் தபாலையும் பார்சலையும் மட்டும் அனுப்பிவிடலாம். நிர்வாகத்துக்கு வருமானம் தருவது அதுதான். சதவீதத்தை மட்டும் பார்க்காமல், அந்த 36 பேர் எந்த மேஜையில் என்று பாருங்கள். பார்சல் மேஜையில் பாதி ஆள் இல்லையென்றால் இன்னும் மூன்று வாரம் பேச வேண்டியிருக்கிறது.

கூட்டத்தில் தீர்மானங்களைப் பிரித்து வையுங்கள். முதலில் வடிவம், பிறகு தேதி, மூன்றாவதாக நிறுத்திவைக்கும் அதிகாரம் யாருக்கு என்பது. சேர்த்து வைத்தால் தேதி பிடிக்காதவர் ஸ்ட்ரைக்கையே எதிர்த்து வாக்களிப்பார். ஆளுக்கு மூன்று நிமிடம், ஆதரவு ஒருவர், எதிர்ப்பு ஒருவர் என்று மாறி மாறி. எதிர்ப்பவரைக் கூச்சலிட்டு உட்காரவைத்தால் அவர் மனம் மாறாது, எண்ணிக்கையில் 4 ஆகி வெளியே போவார். மூன்றாவது தீர்மானம்தான் பெரும்பாலும் விடுபடும். பேச்சுவார்த்தை மேஜையில் இருப்பவர் ஒரு தொலைபேசி அழைப்பில் ஸ்ட்ரைக்கை நிறுத்த, வாசலில் நிற்பவர்களுக்குச் செய்தி வழியே தெரியவந்தால், அடுத்த அழைப்புக்கு ஆள் வராது.

விலக்கும் வாசலும்

ஓய்வூதியக் காசோலை, மருந்து, தேர்தல் அஞ்சல் வாக்கு ஆகியவற்றுக்கு விலக்கு தருவதா என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். கனடாவில் சமூக உதவிக் காசோலைகளை ஸ்ட்ரைக் காலத்திலும் பட்டுவாடா செய்ய இரு தரப்பும் உடன்பட்டிருந்தன. பொதுமக்கள் கோபம் முதலில் அங்கேதான் கிளம்பும் என்பதால் இது புத்திசாலித்தனம். விலக்கு என்றால் என்ன பொருள், எத்தனை பேர், எந்த நேரம், யார் பொறுப்பு என்று கடிதத்தில் இருக்க வேண்டும். ‘அவசரத் தபாலுக்கு விலக்கு’ என்று மொட்டையாக எழுதினால் எல்லாப் பையிலும் அவசரம் என்ற சீட்டு ஒட்டி வரும்.

மறியலுக்கு அலுவலகம் திறக்கும் நேரத்தில் போவது வீண். முதல் வேன் எத்தனை மணிக்கு வருகிறதோ, அதற்கு அரை மணி முன் வாசலில் ஆள் நிற்க வேண்டும். அது அதிகாலை 3 மணியாகவும் இருக்கலாம். இரண்டு மணி நேர முறை வைத்து, ஒரு வாசலுக்கு ஆறு பேர் போதும். பின்வாசலை மறக்காதீர்கள்.

திரும்பும் நாளுக்கான நிபந்தனைகளையும் முதல் நாளே எழுதி வையுங்கள்: பழிவாங்கல் நடவடிக்கை கூடாது, தற்காலிக ஊழியர்கள் அதே இடத்துக்குத் திரும்ப வேண்டும், ஸ்ட்ரைக் நாட்கள் பணிமுறிவாகக் கணக்கிடப்படக் கூடாது, தேக்கத்தைத் தீர்க்கும் வேலை ஓவர்டைம் சம்பளத்தில். வேலைக்குத் திரும்பும் காலையில், முதல் பையை அவிழ்ப்பதற்கு முன் மேற்பார்வையாளரோடு சேர்ந்து பைகளையும் பதிவுத் தபால்களையும் எண்ணி, இரு தரப்புக் கையெழுத்தோடு ஒரு நகல் வாங்குங்கள். அது இல்லாவிட்டால் பத்து நாள் கழித்துக் காணாமல் போன பதிவுத் தபாலுக்கான விளக்கக் கடிதம், அன்றைக்கு மேஜையில் இருந்த உறுப்பினர் பெயருக்கு வரும்.